குதிரைப் பந்தயத்தில் '5/2', 'ஈச் வே', 'டோட்' என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

5/2-இல் பின்னால் நிற்பது நீங்கள் கட்டும் பணம், முன்னால் நிற்பது லாபம். 200 கட்டிய குதிரை ஜெயித்தால் லாபம் 500. கட்டிய 200-உம் திரும்பி, கைக்கு 700 வரும். 2-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 சதவீதம். அந்தக் குதிரைக்கு அவ்வளவு வெற்றி வாய்ப்பு என்று 5/2 என்ற அந்த விகிதம் சொல்கிறது. பந்தயத்தில் இதைத்தான் 'விலை' என்பார்கள். ஓடும் எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் பொதுவாக 100-ஐத் தாண்டும். அந்த உபரியில்தான் புக்கியின், அதாவது விலை சொல்லி நம்மிடம் பந்தயப் பணம் வாங்குபவரின், லாபம் இருக்கிறது. பணம் கட்டுமுன் ஒருமுறையாவது இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள், தயவுசெய்து.

'வின்' முதலிடத்துக்கு மட்டும். 'பிளேஸ்' என்றால் முதல் இரண்டு, மூன்று இடங்களுக்குள் வந்தாலே போதும். எத்தனை இடம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 'ஈச் வே' இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்: அது இரண்டு பந்தயம், பணமும் இருமடங்கு. பிளேஸ் பகுதிக்கு வின் விலையில் பெரும்பாலும் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

'ஃபேவரிட்' என்பது மிகக் குறைந்த விலையுள்ள குதிரை.

'டோட்' முறையில் புக்கி கிடையாது. எல்லோர் பணமும் ஒன்றாகச் சேரும். கழிவு போக மீதி ஜெயித்தவர்களுக்குப் பங்காகும். அதனால் பந்தயம் தொடங்கும்வரை விலை மாறிக்கொண்டே இருக்கும்.