கணுக்கால் சுளுக்குக்கு ஒரு விலை

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்பதைக் 'கணிப்புச் சந்தை'யில் வாங்கி விற்கிறார்களாமே! அது சூதாட்டம் இல்லை, பங்குச் சந்தை மாதிரிதான் என்கிறான் அங்கே படிக்கும் என் அக்கா மகன். சரியா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: வாங்கும் முறை சந்தை மாதிரிதான். கல்ஷி போன்ற தளங்களில், ஓர் அணி ஜெயிக்கும் என்ற 'ஆம்' ஒப்பந்தம் 62 சென்ட்டுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் 1 டாலர் கைக்கு வரும். தோற்றால் போட்டது போச்சு. நடுவில் விலை ஏறினால் விற்றுவிட்டு வெளியேறலாம். மேற்பார்வையும், கோதுமை, கச்சா எண்ணெய் முன்பேர வணிகத்தை (பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி வைப்பதை) கவனிக்கும் அதே மத்திய ஆணையத்திடம்தான் இருக்கிறது.

ஆனால் கோதுமைக்கு முன்பேரம் எதற்கு வந்தது? அறுவடைக்குள் விலை சரிந்து விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் யாருடைய விளைச்சலைக் காப்பாற்றுகிறோம்? பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் 21 வயது ஆகாதவர்களை விளையாட்டுப் பந்தயத்துக்குள் விடுவதில்லை. இந்தச் சந்தையில் 18 போதும். அது கல்லூரிப் பிள்ளைகளின் வயது.

என் ஆத்திரம் வேறொன்றில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வாங்கி விற்பதால் விலை உண்மைக்குக் கிட்டே வரும் என்பதைத்தான் இந்தச் சந்தையின் பெருமையாகச் சொல்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் விவரம் தெரிந்தவர் யார்? வெள்ளிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் ஒரு பையனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. ஐஸ் கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி விடுதிப் படியேறுகிறான். பார்த்தவர்கள் அறைத்தோழனும் எதிர் அறைக்காரனும். ஊருக்குத் தெரியாத அந்தச் சேதி இப்போது காசாகும். "கால் எப்படிடா இருக்கு?" என்று நண்பன் கேட்டால், அக்கறையில் கேட்கிறானா, விற்கக் கேட்கிறானா என்று அந்த 19 வயதுப் பையன் யோசிக்க வேண்டும். உள்தகவலை வைத்து வியாபாரம் செய்யத் தடை இருக்கிறது என்பார்கள். விடுதிக்கு விடுதி யார் காவல் நிற்பது?

வீண் பயம் என்று தள்ளிவிட முடியவில்லை. 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் 26 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு வழக்கமாக 10,000 முதல் 30,000 டாலர் வரை கொடுத்து, வேண்டுமென்றே மட்டமாக ஆடச் சொன்னார்கள் என்பது வழக்கு. அந்த ஆட்டங்கள் மீது அவர்கள் பந்தயம் கட்டியது பழைய பாணிப் பந்தய நிறுவனங்களில். பிள்ளைகளுக்கு ஆசை காட்ட இன்னொரு கடை எதற்கு?

அதே மாதம், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர், தகுந்த பாதுகாப்பு வரும்வரை கல்லூரி ஆட்டங்களை இந்தச் சந்தைகளில் நிறுத்திவைக்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதினார். நான் அவர் கட்சி. சூதாட்டம் சார்ந்த ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதம் என்று பட்டால் தடுக்கும் அதிகாரத்தை 2010-ஆம் ஆண்டுச் சட்டமே ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் அக்கா மகனோடு கல்லூரி அணிப் பையன் யாராவது படிக்கிறானா என்று கேளுங்கள். படிக்கிறான் என்றால், ஒப்பந்தம் ஏதும் வாங்கி வைத்திருந்தால் அதை இன்றைக்கே விற்கச் சொல்லுங்கள்.