டீக்கடைக்கு இனி யாரோடு போவது?

கேள்வி: வயது 36. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 15 வருடமாகத் தினமும் 10, 12 சிகரெட். போன ஞாயிறு நிறுத்தினேன், இன்றோடு ஐந்து நாள். உடம்பைக்கூடச் சமாளித்துவிடுவேன் போலிருக்கிறது, டீ டைமைத்தான் சமாளிக்க முடியவில்லை. பத்தரைக்கும் நாலுக்கும் நாங்கள் ஐந்து பேர் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போவோம். வேலை விஷயம், வீட்டு விஷயம், சீட்டுப் பணம் எல்லாம் அங்கேதான் பேசுவோம். இப்போது நான் மட்டும் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். "சாமியார் வந்துட்டார்டா" என்று சிரித்தார்கள். மனைவியிடம் சொன்னால், "அதான் விட்டாச்சே, இன்னும் என்ன?" என்கிறார். குடியை நிறுத்துகிறவர்களுக்கு ஏ.ஏ. கூட்டம் இருக்கிறதே, எங்களைப் போன்றவர்களுக்குச் சென்னையில் அப்படி ஏதாவது உண்டா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தில் சிகரெட்டுக்கு இரண்டு வரிதான். மீதியெல்லாம் டீக்கடை. வலி எங்கே என்று அதிலேயே தெரிகிறது. சிகரெட்டோடு சேர்ந்து உங்கள் ஜமாவும் கையை விட்டுப் போனதுபோல இருக்கிறது. இதை டாக்டர்கள் நாங்கள் அதிகம் கேட்பதில்லை. எத்தனை சிகரெட், எத்தனை வருடம், இருமல் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

உடம்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். அதனால்தான் நிறுத்திய அன்றே எரிச்சலும் படபடப்பும் தொடங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். பிறகு மெல்ல இறங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி வருவது வேறு ரகம். பத்தரை மணி பெல், பாய்லர் ஆவி, பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டர் என்று ஒவ்வொன்றும் 15 வருடமாக உங்கள் மூளைக்குப் பழகிப்போன அழைப்பு மணி. அந்தத் தவிப்பு ஏறும், கொஞ்ச நேரம் உலுக்கும், தானாக இறங்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து.

உங்களுக்கு ஆள் தேவைப்படுவது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். வாரம் ஒருமுறை கூடும் கூட்டம் நல்லதே. ஆனால் வியாழக்கிழமை நாலு மணிக்கு அது உங்கள் பக்கத்தில் நிற்காது. அதனால் கூட்டம் எங்கே என்று தேடுவதைவிட, அந்த நேரத்தில் போனை எடுக்கும் ஒரே ஒருவர் யார் என்று தேடுங்கள்.

ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஏ.ஏ. மாதிரி ஏரியாவுக்கு ஏரியா நடக்கும் கூட்டங்களைச் சிகரெட்டுக்கு இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஏ.ஏ. பின்பற்றும் அதே பன்னிரண்டு படி வழியில் நிகோட்டின் அனானிமஸ் என்று ஓர் அமைப்பு 1980களில் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இணையத்திலும் போனிலும் கூட்டம் நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவர்கள் ஊர் நேரப்படி. தூக்கம் வராமல் புரள்கிற ராத்திரியில் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. குடியை நிறுத்திய நண்பர் யாராவது உங்களை ஏ.ஏ. கூட்டத்துக்கு அழைத்தால் ஒரு எச்சரிக்கை: குடியை விட்டவர்களில் பலர் சிகரெட்டை விடாமல் இருப்பார்கள். பேச்செல்லாம் மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் இடைவேளையில் வாசலில் யார் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நேரில் போகக்கூடிய இடங்களில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை முதலில் சொல்வேன். 2002ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாட்டில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் அதுவும் ஒன்று. "கேன்சர் ஆஸ்பத்திரிக்கா!" என்று வீட்டில் பதறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அம்பத்தூரிலிருந்து அடையாறு ஒரு நாள் லீவு கேட்கும் தூரம் என்றால், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அருகில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போய், "சிகரெட்டை நிறுத்தியிருக்கிறேன், திரும்பிப் போகாமல் இருக்க உதவி வேண்டும்" என்று சொன்னால் போதும். எங்கே போனாலும் ஒன்று கேளுங்கள்: "இங்கே வந்து சிகரெட்டை விட்டவர்களில் யாராவது என்னோடு பேச ஒத்துக்கொள்வார்களா?" இதை நோயாளிகள் யாரும் கேட்பதே இல்லை. அதைவிட முக்கியம் வெளியே போட்டிருக்கும் பெஞ்ச். டோக்கனோடு காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம், "எத்தனையாவது நாள் அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே என்றால், 1800-11-2356. தேசிய புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சடித்து வருகிறது. இத்தனை வருடம் பாக்கெட்டில் வைத்திருந்தும் நம் ஆட்கள் கண்ணில் படாத எண். அங்கே பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், பின்னர் அவர்களே உங்களைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்றும் விசாரிப்பார்கள். "போன்ல என்ன சொல்லிடப் போறாங்க" என்று நினைக்காதீர்கள், ஒருமுறை கூப்பிடுங்கள். ஆனால் அவர் உங்கள் டீக்கடையைப் பார்த்தவர் இல்லை. அதற்கு உங்கள் ஆள் ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் நடக்கும் இதய நோய் ஆய்வில் 12,067 பேரின் புகைப்பழக்கத்தை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவரின் கணவனோ மனைவியோ விட்டால் அவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதம். ஆட்கள் தனித்தனியாகச் சிகரெட்டை விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் கண்ணெதிரே நடப்பதுதானே. ஒரு மணி நேரம் தம் இல்லாமல் இருக்க முடியாதவர், மாலை போட்ட 48 நாளும் தொடுவதில்லை. (மாலையோடு மறைவில் ஊதுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.) பக்தி பெரிய காரணம்தான். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த நாட்களில் அவரிடம் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. டீக்கடைக்காரர்கூட, "சாமி, உங்களுக்கு டீ மட்டும்தானே?" என்கிறார். அவரைப் போலவே மாலை போட்ட பத்துப் பேர் தினமும் ஒன்றாகக் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பஜனை பாடுகிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த வேலி கலைந்துவிடுகிறது. முதல் டீயோடு பழையபடி. மன உறுதி ஒரே ராத்திரியில் கரைந்துவிட்டதா என்ன? சுற்றி இருந்தவர்கள் நீட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே, "சாமியார்" என்று அவர்கள் சிரித்ததில் உங்களுக்கு வேண்டியது பாதி கிடைத்துவிட்டது. கோபித்துக்கொண்டு மெஷின் பக்கம் நிற்காதீர்கள். "ஆமா, சாமிக்கு ஒரு டீ சொல்லு" என்று கேட்டு வாங்குங்கள். அந்த நாலு பேரில் உங்களோடு தனியாகப் பேசக்கூடியவர் ஒருவர் இருப்பார், வீட்டு விஷயம் சொல்கிறவர். அவரிடம் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: "நான் கேட்டாலும் எனக்குக் குடுக்காதே, மத்தவங்களையும் நீட்ட விடாதே." அவரையும் விடச் சொல்லாதீர்கள். விட்ட முதல் வாரத்திலேயே ஊருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியவர்கள் பலர் மூன்றாம் வாரம் தலைகுனிந்து என் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் கடைக்கே போகாமல் கேன்டீனில் டீ குடிப்பதும் சரிதான், அது பயந்து ஓடுவது ஆகாது. போனால் சிகரெட் பிடித்த கையிலேயே டீ கிளாஸைப் பிடியுங்கள். அரை டீ போதும். இதற்கு ஒரு காரணம் உண்டு: சிகரெட் புகை, டீ காப்பியில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் சீக்கிரமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே அளவு டீ ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம் எல்லாவற்றையும் சிகரெட் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். பாதி டீயின் வேலையாக இருக்கும்.

இனி அந்த ஒருவர். யாரை? இருபது வருடத்துக்கு முன் விட்டவர் வேண்டாம். "நான்லாம் ஒரே நாள்ல தூக்கிப் போட்டேன், உனக்கென்ன?" என்பார். பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். உங்களைப் போலவே போன வாரம் விட்டவர் மட்டும் துணையாக இருப்பதும் ஆபத்து. ஒருவர் சறுக்கினால் அடுத்தவரையும் இழுத்துக்கொண்டு போவார், சேர்ந்தே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். விட்டு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்தான் என் கணக்கில் சரியான ஆள். வலி நினைவிருக்கும், நிலையும் கொஞ்சம் உறுதிப்பட்டிருக்கும். முன்பு டீக்கடையில் நின்று இப்போது நிற்காதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஷிஃப்டில், ஸ்டோர்ஸில், செக்யூரிட்டியில் இருப்பார். ஸ்டென்ட் வைத்த பிறகு விட்டவர், மகள் பிறந்ததும் விட்டவர், எப்படியும் ஒருவர் இருப்பார். "அண்ணே, எப்படி விட்டீங்க?" என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்.

அப்படி ஒருவரால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம். காலையில் தம் அடித்தால்தான் வயிறு இறங்கும் என்று பழகியவர்கள் நிறுத்தியதும் மலச்சிக்கலில் திண்டாடுவார்கள். வாயில் புண் வரும். சிலருக்கு இருமல் குறைவதற்குப் பதிலாகச் சில வாரம் கூடும். இதெல்லாம் விட்டதால் வருகிற தற்காலிகத் தொல்லைகள். ஆனால் மனைவியிடமோ மேனேஜரிடமோ யார் சொல்வார்கள்? "எனக்கும் இருந்துச்சுப்பா, வெந்நீர், வாழைப்பழம், ரெண்டு வாரம், சரியாப் போச்சு" என்று ஒரு குரல் சொன்னால் போதும், "விட்டதால உடம்பே கெட்டுப் போச்சு" என்று திரும்பப் பற்றவைக்கும் சாக்கு போய்விடும். இருமலில் ரத்தம் தெரிந்தாலோ, மாதக்கணக்கில் நீண்டாலோ நண்பரிடம் கேட்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அவரோடு ஒப்பந்தம் சின்னதாக இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஆறாவது நாள், பரவாயில்லை." தவிப்பு வந்தால், பற்றவைப்பதற்கு முன்னால் கூப்பிட வேண்டும், பிறகு அல்ல. பிறகு கூப்பிட்டால் அது பாவமன்னிப்பு. ஷாப் ஃப்ளோரில் போன் கூடாதென்றால் கேட்டுக்கு வந்ததும் முதல் வேலை அது. எடுக்கிறவர் உபதேசம் செய்யக்கூடாது. "எங்க நிக்கிற? சாப்டியா? சரி, நடந்துகிட்டே பேசு" என்று பத்து நிமிடத்தை ஓட்டினால் போதும். கிரிக்கெட்டைப் பேசட்டும், சீட்டுக்காரரைத் திட்டட்டும். ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குரூப்பை நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் குட் மார்னிங் படங்கள் நிரம்பிவிடும், சறுக்கியவர் வெட்கப்பட்டு வாயைத் திறக்கமாட்டார்.

மனைவியைக் காவல்காரி ஆக்க வேண்டாம். சட்டையை முகர்ந்து பார்க்கும் வீட்டில் பொய் வளரும். "அதான் விட்டாச்சே" என்று அவர் சொல்வது நம்பிக்கையில்தான். அவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்: ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கமாக மொட்டை மாடிக்குப் போகும் நேரத்தில், பத்து நிமிடம் கூட நடக்க முடியுமா என்று. இன்னும் மூன்று வாரத்துக்கு நீங்கள் எரிந்து விழுந்தால் அது அவர் மேல் உள்ள கோபம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒன்று பிடித்துவிட்டால்? அன்றே அந்த நண்பருக்குப் போன். ஒன்று பிடித்ததும் "போச்சு" என்று முழுப் பாக்கெட் வாங்குவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு அடுத்த மணி நேரத்திலிருந்து தொடருங்கள். எங்கே, யாரோடு, என்ன பேசும்போது நடந்தது என்று இருவரும் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் மது குடித்த இடமாக இருக்கும். முதல் மாதம் மது வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். சிகரெட்டுக்குப் பதில் உதட்டுக்குள் அதக்கும் புகையிலை எதையும் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதுவும் அதே நிகோட்டின்தான்.

நண்பர் இருந்தும் தவிப்பு தாங்கவில்லை என்றால் உங்கள் உறுதியில் குறை தேடாதீர்கள், மருந்து உண்டு. 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கிடைக்கும், ஐந்து நாள் கழித்தும் தொடங்கலாம். சாதாரண பபுள்கம் மாதிரி மெல்லக்கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரம் வரை. டீ குடித்து கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். பத்தரை மணிக்கு டீயையும் கம்மையும் சேர்த்து வைத்துக்கொண்டு, "வேலை செய்யல டாக்டர்" என்பவர்கள் நிறைய. இதய நோய் இருந்தாலோ, மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புகை நின்றதும் சில மனநல மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், வாழ்வதே பாரமாகத் தோன்றினால் சிகரெட்டை மறந்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.