பழைய பிளாஸ்டிக் பைகளை வைத்து மாணவர்களோடு உருப்படியாக என்ன செய்யலாம்? செய்ததை விற்கலாமா?

நிறையவே செய்யலாம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பூ, தோரணம், பொம்மை பக்கமே போகாதீர்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். வீட்டில் தினமும் புழங்குகிற பொருளாகப் பாருங்கள்: உட்காரும் பாய், சின்னக் கூடை, பெல்ட், தொப்பி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. ஆனாலும் மீன் வாங்கினாலும் பரோட்டா வாங்கினாலும் பையும் கூடவே வந்துவிடுகிறது. எந்த வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை தொங்கும், அதைக் கேளுங்கள். கரையில் கிடப்பதும் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்து ஆடுவதும் வேலைக்கு ஆகாது. வெயில் தின்ற பை, இழுத்ததும் பொடிப்பொடியாக உதிரும். அதைப் பொறுக்கிக் குப்பை வண்டியில் போடுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று, ஆர்வக்கோளாறில் புதுப் பை வாங்கி வருகிற பிள்ளைகள் உண்டு. முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பைகளை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். மீன் வாடை ஒரு அலசலில் போகாது. அப்புறம் பையை நீளவாக்கில் மடித்து, கைப்பிடியையும் அடித் தையலையும் வெட்டிவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும். ஒரு வளையத்தின் மேல் இன்னொன்றைப் பாதி வைத்து, அடியில் இருக்கும் வளையத்தின் ஒரு முனையை மற்ற முனைக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு விழும். இழுக்கும்போது நிதானம் வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். இப்படியே கோத்துக்கொண்டு போனால் நீள நூல் தயார்.

இங்கே எங்களுக்கு ஒரு வசதி. வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முடிச்சைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, எனக்கே அவர்கள்தான் திருத்தம் சொன்னார்கள். பனையோலையில் பெட்டி, கொட்டான் முடைகிற பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு முடைவது கைவந்த கலை. ஒயரில் சிவன் கண் பின்னல் கூடை போடத் தெரிந்த அம்மா யாராவது எல்லா ஊரிலும் இருப்பார், ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். யூடியூப் பார்த்துக் குரோஷா எனும் கொக்கி ஊசியோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் பொருளாகப் பாயைச் சொல்வேன். மூன்று புரியாகச் சடை பின்னி, நத்தைக்கூடு போலச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தால் போதும். ஒருவர் உட்காரும் அளவுக்கு 15, 20 பைகள் போகும். சத்துணவு நேரத்தில் தரையில் போட்டு உட்காரலாம், நனைந்தால் உதறினால் சரி. பெல்ட்டும் இதே சடைதான். சட்டைக்கு மேல் கட்டலாம், உடம்பில் நேராகப் பட்டால் வியர்த்துக் கசகசக்கும். தொப்பியை நெருக்கமாகப் பின்னாமல் கண் விட்டுப் பின்னுங்கள், தாடைக்கயிறும் வையுங்கள். கயிறு இல்லாவிட்டால் ஆடி மாதக் காற்றுக்குத் தொப்பி பாம்பனில் போய்த்தான் நிற்கும்!

பைகளை அடுக்கி இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஒட்டும் முறையும் உண்டு. உறுதியான பை வரும். ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் புகை வரும், வகுப்பறைக்கு அது வேண்டாம்.

கடற்பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கு இதில் பை பின்னலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் நான் சம்மதிக்கவில்லை. எதிரே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. மிதக்கும் பையைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்துக் கடல் ஆமை விழுங்கிவிடும். கடலிலிருந்து தள்ளி வைக்கத்தான் இவ்வளவு பாடு, அதைத் திரும்பக் கடலுக்கே கொண்டுபோவதா? கரைக்கு மேலே புழங்கும் பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்கலாம், ஆனால் ஒரு பாய்க்குப் பல மணி நேரம் போகிறது, அந்தக் கூலிக்கு ஏற்ற விலையை யாரும் தரமாட்டார்கள். எங்கள் பள்ளியில் செய்தவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வெட்டி எறிந்த கைப்பிடிகளையும் துண்டுகளையும் பழைய தலையணை உறையில் அடைத்தால் திண்டு ஆகிவிடும்.