தள்ளுபடிப் பலகையைப் பார்த்தால் கால் நிற்கவில்லை என்கிறீர்களா?

வெளிநாட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் தள்ளுபடியில் வாங்கிய பொருட்களால் அலமாரி நிரம்பிவிட்டது, பாதியை இன்னும் பிரிக்கவே இல்லை, இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. விட வேண்டாம். பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், எனக்கு இன்றும் அந்தப் பரபரப்பு குறையவில்லை.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் கடையில் கோட் ஒன்றைப் பார்த்து வைத்தேன். நவம்பர் மாதம். விலையை ஊர்ப் பணத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். நண்பர் கொடுத்த பழைய கோட்டில் காலத்தை ஓட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் அதைப் பார்ப்பேன். முதலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிறகு அதன் மேல் சிவப்பு. மார்ச்சில் இன்னொரு சிவப்பு. அப்போது என் அளவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் நவம்பர் விலை அப்படியே இருந்தது, நான் கொடுக்கப்போவது அதில் கால் பங்கு! பில் போடும் வரை கை படபடத்தது. ஒன்பது குளிர்காலம் அதைப் போட்டேன்.

அந்தச் சந்தோஷம் முழுசாகக் கிடைத்ததற்குக் காரணம், பழைய விலையை நானே கண்ணால் பார்த்திருந்ததுதான். பொருளால் வரும் பயன் வேறு, மலிவாக முடித்தோம் என்ற நிறைவு வேறு என்று பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-லேயே எழுதினார். இரண்டாவது எவ்வளவு பலமானது தெரியுமா? அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலி 2012-ல் கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எப்போதும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது.

அடித்துக் காட்டும் பழைய விலையே ஏற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில், விலையைக் குறைத்தோம் என்று சொல்லும் கடை அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று 2022 மே மாதத்திலிருந்து விதி இருக்கிறது. மற்ற இடங்களில் நாம்தான் குறித்து வைக்க வேண்டும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கொடுக்கப்போகும் தொகையைப் பாருங்கள். அப்புறம், பிராண்டுகள் தங்கள் பொருளை மலிவாக விற்கும் அவுட்லெட் கடைகளுக்கென்றே தனியாகத் தைத்து அனுப்புவதும் உண்டு, தரம் குறைவாக இருக்கலாம். தையலையும் ஜிப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். திருப்பித் தர முடியாது என்று போட்டிருந்தால் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

சரி, இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனால், உண்மையிலேயே உங்களுக்குத் தேவையான ஒரே ஒரு பொருளின் டேக்கை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ரேக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.