பெரெட்டின் அச்சத்தை எப்படிப் படிப்பது?

வணக்கம். ஓ. ஈ. ரோல்வாகின் 'ஜயன்ட்ஸ் இன் தி எர்த்' நாவலைப் பாதியில் மூடிவிட்டதாகவும், நார்வேயிலிருந்து வந்து அமெரிக்காவின் டகோட்டா புல்வெளியைப் பண்படுத்தும் பெர் ஹான்சாவின் உழைப்பு ஈர்த்தாலும் அவன் மனைவி பெரெட்டின் ஓயாத அச்சம் சலிப்பூட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். அண்டை வீட்டாரின் நிலத்தில் ஐரிஷ்காரர்கள் நட்டுச்சென்ற எல்லைக் கம்புகளைப் பெர் ஹான்சா பிடுங்கி எரிக்கும் பகுதிக்குத் திரும்பிச் சென்று, அதைப் பெரெட்டின் நிலையில் நின்று படித்துப் பாருங்கள். அண்டை வீட்டார் சாமர்த்தியம் என்று மெச்சும் அச்செயல், பிறர் நிலத்தின் எல்லையைத் தொடுவதே பெரும்பாவம் என்று நார்வேயில் கற்று வளர்ந்த அவளுக்கு, இந்த மண் தன் கணவனை வேறொருவனாக மாற்றிவிட்டது என்பதற்கான சான்றாகிறது. அவளுடைய அச்சத்தை வெறும் கோழைத்தனமாக என்னால் ஒருபோதும் பார்க்க முடிந்ததில்லை.

அவள் குடும்பத்தின் பழைய மரப்பெட்டியையும் தொடர்ந்து கவனியுங்கள். பிரசவ வேளையில் அதையே தன் சவப்பெட்டியாக எண்ணுகிறாள். வெட்டுக்கிளிகள் வானத்தை மூடி வந்து பயிரைத் தின்னும் நாளில் குழந்தைகளோடு அதற்குள் ஒளிந்துகொள்கிறாள். பின்னர் வரும் போதகருக்கு அதுவே நற்கருணை மேசையாகிறது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

1896-இல் நார்வேயிலிருந்து குடிபெயர்ந்த ரோல்வாக், டகோட்டாவில் முன்பே குடியேறிய தம் மாமனாரின் அனுபவங்களைக் கேட்டறிந்து, இதை நார்வேஜிய மொழியிலேயே எழுதினார். ஆங்கிலப் பதிப்பு 1927-இல் வந்தது. போதகர் வரும் அத்தியாயம் வரையாவது படித்துவிட்டு, பெரெட்டைப் பற்றி மீண்டும் எழுதுங்கள்.