சரி, வா

அன்புள்ள அக்கா,

போன வருடம், 34 வயதில், எனக்கு ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத கவனக்குறைவுக் கோளாறு) இருப்பதாக மருத்துவர் சொன்னார். மாத்திரை எடுக்கிறேன், ஓரளவு பரவாயில்லை. மைண்ட்ஃபுல்னஸ் தியானம் உதவும் என்று பலரும் சொன்னதால் அதையும் முயன்றேன். இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது மூச்சிலேயே எங்கோ போய்விடுகிறேன். கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதுவரை நான்கு ஆப் மாற்றிவிட்டேன். எதையும் பத்து நாள் ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாத எனக்கு இது வருமா? எந்த ஆப் நல்லது? தியானம் கைகூடிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். ஆப் எதுவானாலும் சரிதான், ஐந்தாவதைத் தேடி இன்னொரு ராத்திரியை வீணாக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்ததற்குக் காரணம் அந்த ‘துப்பில்லாத’ என்ற சொல். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது அது? எத்தனை வயதில் முதலில் கேட்டீர்கள்? உங்களைப் போன்றவர்கள் சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிய வசை அது. அப்புறம் திட்டியவர்கள் எல்லாம் போன பிறகும் அவர்கள் வேலையை நாமே எடுத்துச் செய்கிறோம்.

எனக்கு அது ஏழாம் வகுப்பில். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும், அதற்குள் தூசி மெதுவாக மேலே ஏறி ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று வகுப்பு அமைதியாகிவிடும். “நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு.” எழுந்து நிற்பேன், ஒன்றும் தெரியாது, நாற்பது முகங்கள் திரும்பியிருக்கும். அந்த ஆசிரியர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வருகிற நொடியில் வயிற்றுக்குள் ஏதோ இறுகும் பாருங்கள், அதே இறுக்கம் நாற்பது வயதில் நான் தியானத்துக்கு உட்கார்ந்தபோதும் வந்தது. மூச்சு, மூச்சு, நாளைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை, யாரோ என்றோ சொன்ன ஒரு வார்த்தை, திடீரென்று “எங்கே போனாய்?” என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். சொல்லிக்கொடுத்தவரிடம் போய்ச் சொன்னேன். உனக்கு வைராக்கியம் போதாது, முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார் என்றார். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன், மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூச்சில் இருக்கிறீர்கள். போய்விடுகிறீர்கள். போனது தெரிகிறது. திரும்புகிறீர்கள். இதில் முதலாவது மட்டும்தான் தியானம், மற்றதெல்லாம் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாவதை, போனது தெரிகிற அந்த நொடியை, நீங்களா வரவழைத்தீர்கள்? இல்லையே. கனவில் இருப்பவன் கனவை எப்படி நிறுத்துவான்? அது தானாக வந்தது. அலைந்துகொண்டிருந்த மனம் தானாகவே வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, நீங்களோ கதவைத் திறந்ததும் அறைகிறீர்கள். வந்தால் அடி விழும் என்று தெரிந்த குழந்தை சீக்கிரம் வீடு திரும்புமா? இருபது நிமிடத்தில் நூறு முறை போனீர்களா, நூறு முறை திரும்பி வரப் பழகியிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார்: அலையும் கவனத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுக்கொண்டு வருகிற திறன்தான் மனிதனின் தீர்மானத்துக்கும் குணத்துக்கும் மனவுறுதிக்கும் வேர் என்று. அலையாத கவனம் என்று அவர் எழுதவில்லை, கவனியுங்கள்.

‘எல்லாருக்கும்தான் மனசு அலையும்’ என்று உங்களிடம் சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். அலைவது எல்லாருக்கும் உண்டு என்பது உண்மைதான். 2010-இல் ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், சுமார் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் போன் வழியாகக் கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி, 47 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. ஆனால் சிறுவயது முதலே படிப்பு, வேலை, உறவு எல்லாவற்றையும் குலைக்கிற அளவுக்கு அலைவது வேறு. அதைச் சோம்பல் என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த முக்கால் மணி நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைத் தொடங்கியபோது வந்தவர்களில் பலர் தீராத வலியோடு இருந்தவர்கள். அவர்கள் வீட்டில் தினமும் 45 நிமிடம் செய்தார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கென்று லிடியா சைலோவ்ஸ்கா என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவும் அமைத்த பயிற்சி அப்படி இல்லை. 24 பெரியவர்களும் 8 பதின்வயதினரும் சேர்ந்த அந்த முதல் சிறிய ஆய்வு 2008-இல் வெளியானது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்லப் பதினைந்துக்குத்தான் போனார்கள். நடந்துகொண்டே செய்யும் தியானமும் அதில் இருந்தது. பலர் மருந்தை எடுத்துக்கொண்டேதான் செய்தார்கள். இருபதில் தொடங்கி உங்களையே ஏன் வதைக்கிறீர்கள்? கால் ஆடினால் ஆடட்டும், அந்த ஆட்டத்தையே கவனியுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் செய்யலாம். புத்தர் உட்காருவதை மட்டுமா சொன்னார்? நடக்கும்போதும் நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும் விழிப்போடு இருக்கத்தான் சொன்னார்.

நான் மறுபடி தொடங்கியது நடையில்தான். ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, அறைக்குள் சுவருக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன், பதினொரு அடி. வெறுங்கால். குதிகால் தரையை விட்டு எழும்போது தோல் லேசாக ஒட்டிப் பிரிவது தெரிந்தது, அப்புறம் தரையின் குளிர்ச்சி, அப்புறம் எடை முழுக்க அடுத்த காலுக்கு மாறுவது. மூன்றாவது சுற்றிலோ என்னவோ ஒரு பழைய சண்டைக்குள் போய்விட்டேன், கதவருகே திரும்பும்போதுதான் தெரிந்தது. வழக்கமான அந்த அதட்டல் வருவதற்கு முன்னால், ஏனென்று தெரியாது, வாய்விட்டு “சரி, வா” என்றேன். நேரம் கழித்து வருகிற பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுவது போல. வயிறு இறுகவில்லை. அன்றைக்கு எத்தனை முறை அதைச் சொன்னேன் என்று எண்ணவில்லை, நிறைய முறை.

இந்த வாரம் உட்கார வேண்டாம். தினமும் ஐந்தே நிமிடம் நடங்கள், ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் நடங்கள், விட்டுப்போன நாளுக்கு வருத்தம் தெரிவித்து எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் அறையில் சுவரிலிருந்து கதவு வரை எத்தனை அடி என்று மட்டும் எண்ணி எழுதுங்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
அக்கா