பக்கத்தில் விழுந்த ஆயிரம் பேர்

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

வேலூர் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருடம் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். எங்கள் சபை மாத இதழில் சிறுகதை எழுதுவேன், எல்லாம் விசுவாசக் கதைகள்தான். போன டிசம்பர் இதழுக்கு, யுத்த காலத்தில் சமாதானம் என்று ஒரு கதை கேட்டார்கள். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பெரிய மகன் மிலிட்டரியில் இருக்கிறான், 2025 மே 7-ஆம் தேதி தொடங்கி 10-ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை நிறுத்தம் என்று அறிவிக்கிறவரை அவன் எல்லையில் இருந்தான், அந்த நாலு நாளும் போன் ஸ்விட்ச் ஆஃப், நான் முழங்காலிலேயே கிடந்தேன். அதைத்தான் கதையாக்கினேன். குண்டு விழுகிற ராத்திரியில் பங்கரில் ஒரு சிப்பாய், அம்மா எழுதிக் கொடுத்த, பைபிளின் 91-ஆம் சங்கீதத்தை டார்ச் வெளிச்சத்தில் வாசிக்கிறான், பயம் விலகுகிறது, மடியில் துப்பாக்கியோடு குழந்தை மாதிரி தூங்கிப்போகிறான்.

கதை வந்தது. என் பெயரைப் போடவில்லை! 'ஒரு சகோதரி' என்று போட்டிருக்கிறார் ஆசிரியர். கேட்டால் இடம் இல்லையாம். பக்கத்திலேயே ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இடம் இருந்தது. கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் ஆயர் அந்தக் கதையையே சொன்னார், யார் எழுதியது என்று ஒரு வார்த்தை இல்லை. அணைக்கட்டிலிருந்து வந்த என் நாத்தனார், "கதையில நல்லாத் தூங்குறான் அண்ணி, வீட்லதான் தூங்கமாட்டேங்குறான்" என்று சிரிக்கிறாள். முள்ளு கத்திரிக்காய் ஒரு கிலோ கொடுத்துவிட்டு இப்படியும் பேசுகிறாள்.

மகன் நவம்பர் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். கதையைப் படித்தான், நல்லா இருக்கு என்றுகூட சொல்லவில்லை. சர்ச்சுக்கு வருவதில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கெஞ்சிக் கூட்டிப்போனேன், வெளியே யாரோ வெடி வெடித்ததும் எழுந்து போய்விட்டான், அத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. சாயங்காலம் ஆனால் கோட்டை அகழி ஓரம் போய் உட்கார்ந்துவிடுகிறான். ராத்திரி லைட்டை அணைக்க விடுவதில்லை. ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "அம்மா, அந்தச் சங்கீதத்துல பக்கத்துல ஆயிரம் பேர் விழுறாங்கல்ல, அவங்களுக்கும் அம்மா இருப்பாங்கல்ல?" என்று கேட்டான். வேத வசனத்தில் இப்படியெல்லாம் குறை பார்க்கலாமா? தோசை தீய்ந்துவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். பெயர் போடாதது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். அந்தச் சிப்பாய் லீவில் ஊருக்கு வந்து சபையில் சாட்சி சொல்வதாக இரண்டாம் பாகம் எழுத நினைக்கிறேன், அதைப் படித்தாவது இவன் மனம் திரும்புமா?

- ஒரு தாய்

அன்புள்ள டீச்சரம்மா,

உங்கள் பெயர் விட்டுப்போனது கடிதத்தின் நடுவிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. மகன் கேட்டது ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'அது கிடக்கட்டும்' என்ற வாலோடு வருகிறது. அதைக் கிடக்க விட எனக்கு மனசில்லை.

வசனத்தில் குறை பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அவர் பக்கத்தில் யாரோ விழுந்திருக்கிறார், டீச்சரம்மா. ஒரே தட்டில் சாப்பிட்டவராக இருக்கலாம், பெயர்கூட சரியாகத் தெரியாத புதுப் பையனாக இருக்கலாம். 'உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது' என்பதுதானே வசனம். நீங்கள் 'அணுகாது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு நாளைக் கடந்தீர்கள். அவர் இன்னும் 'விழுந்தாலும்' என்ற இடத்திலேயே நிற்கிறார். தன் அம்மா செய்த ஜெபம் பலித்தது, அந்த இன்னொரு அம்மாவும் செய்திருப்பாளே என்ற கணக்கு அவரைத் தூங்க விடவில்லை. ஆயரிடமோ தம்பியிடமோ கேட்காமல் ஜெபம் பண்ணிய உங்களிடமே வந்து கேட்டிருக்கிறார். இதை அவிசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் கதையில் சமாதானம் கிடைத்தது சிப்பாய்க்கு இல்லை, உங்களுக்கு. அதில் தப்பே கிடையாது, நாலு நாள் முழங்காலில் கிடந்தவளுக்குத் தன் பிள்ளை தூங்குவதாக எழுதிப்பார்க்க உரிமை இல்லையா? ஆனால் அந்த மருந்தை அவர் வாயிலும் ஊற்றப் பார்க்கிறீர்கள். தூங்க முடியாத பிள்ளை கையில், தன்னைப் போலவே ஒருவன் குழந்தை மாதிரி தூங்கும் கதையைக் கொடுத்தால் அவர் என்னதான் சொல்வார்? நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

31 ராத்திரி உங்கள் மானமும் போகவில்லை. வெடிச் சத்தம் கேட்டு அவர் உடம்பு தானாக எழுந்தது, மனசைக் கேட்டுக்கொண்டு எழவில்லை. முதல் உலகப்போர் காலத்திலேயே மருத்துவர்கள் இதைப் பார்த்து ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். எழுந்து போனாலும், அத்தனை நேரம் உங்களுக்காக வந்து உட்கார்ந்திருந்தாரே, அதை எண்ணிப்பாருங்கள்.

பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட ஆளுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாம் தடவையும் அதையேதான் செய்தான். உங்கள் கையிலும் தோசைக்கல் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு "ஆமாண்டா, அவங்களுக்கும் அம்மா இருப்பாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நாள் தள்ளிச் சொன்னாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் அகழி ஓரம் நீங்களும் போய் உட்காருங்கள். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்ப் புரட்சியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்து விழுந்த கோட்டை அது, இன்றைக்கு அங்கே பிள்ளைகள் பொரி தின்றுகொண்டு ஓடுகிறார்கள். அவர் ஏன் அங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வேண்டாம். பேச ஆரம்பித்தால், விழுந்தது யார், எந்த ஊர் என்று மட்டும் கேளுங்கள். வசனம் வேண்டாம், 'தேவசித்தம்' வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் ஏன் பிழைத்தேன் என்ற நினைப்பு சிலரை உயிர் போகிற இடம்வரை இழுத்துவிடும், அதனால் சாகணும்போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தனியாக விடாதீர்கள். இல்லை என்றாலும் இத்தனை நாள் தூக்கமில்லாமல் இருப்பதற்கு லீவு முடிவதற்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை இருக்கிற பாகாயம் என்று சொன்னாலே நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நாத்தனாரும் ஏதாவது சொல்வார், சொல்லட்டும். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்கும் வழக்கத்தை வெகுகாலமாக வைத்திருக்கும் இடம் அது. ராத்திரியில் பதறினால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

பெயர் போடாதது தப்புதான். ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப்போடுங்கள், அடுத்த இதழில் திருத்தம் போடட்டும்.

இரண்டாம் பாகம் இப்போது வேண்டாம். என்றைக்காவது எழுதுவதானால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அதில் அந்தச் சிப்பாயை சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.